களத்தில் காயாத பருப்பு துறைமுகத்தில் தேறாது: வாசகர் கேள்விகள்

முந்திரி, பிஸ்தா, பாதாம் போன்றவற்றை விளையும் நாடுகளிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுவருவது பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை துறைமுகத்தையும் சுங்கத்தையும் பற்றியே பேசுகின்றன. ராட்டர்டாமில் பருப்புகளின் தரம் பார்ப்பதே என் தொழில். துறைமுகத்தில் தெரியவரும் குறைகளில் பெரும்பகுதி அங்கே பிறந்தவை அல்ல, காய்ந்த களத்தில் பிறந்தவை. ஆகவே கேள்வி துறைமுகத்தில் தொடங்கினாலும் பல பதில்கள் விவசாயியிடம்தான் போய் நிற்கும்.

அன்புள்ள அக்கா, ஐவரி கோஸ்ட்டில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தாங்களே உடைத்துத் தோல் நீக்கிய முந்திரிப் பருப்பைத் தர முன்வந்திருக்கிறது. இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டுமா? முழு கன்டெய்னர் எடுக்கலாமா?
— வாசகர், டோர்ட்முண்ட், ஜெர்மனி

தம்பி, முந்திரிக்கென்று தனி லைசென்ஸ் எதுவும் கிடையாது. சுங்கத்தில் இஓஆர்ஐ எண் (இறக்குமதி, ஏற்றுமதி செய்பவர்களுக்குத் தரும் பதிவு எண்) பெற வேண்டும். உங்கள் நகரின் உணவுக் கண்காணிப்பு அலுவலகத்தில் உணவு வணிகராகப் பதிவு செய்ய வேண்டும். சிறு பொட்டலங்களாகக் கட்டி விற்பதாக இருந்தால் ஜெர்மனியின் பொதிப் பதிவேட்டிலும் பெயர் இருக்க வேண்டும். முந்திரிப் பருப்புக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் இறக்குமதித் தீர்வை இல்லை. ஜெர்மனியில் 7 சதவீத விற்பனை வரி மட்டும் உண்டு. காகித வேலை அவ்வளவுதான்.

உண்மையான சுமை வேறு. சரக்கு ஒன்றிய எல்லைக்குள் வந்த நொடியிலிருந்து அதன் பாதுகாப்புக்குச் சட்டப்படி நீங்கள்தான் பொறுப்பு. யாரிடம் வாங்கினீர்கள், யாருக்கு விற்றீர்கள் என்பதை எந்த நேரத்திலும் காட்ட முடிய வேண்டும். குறை தெரிந்தால் சந்தையிலிருந்து திரும்பப் பெறும் செலவும் உங்களுடையது. ஆப்பிரிக்காவில் இருக்கும் சங்கத்தை ஜெர்மன் அதிகாரி தேடிப் போகமாட்டார். உங்கள் கதவைத்தான் தட்டுவார்.

கன்டெய்னர் விஷயத்துக்கு வருகிறேன். இருபது அடி கன்டெய்னரில் வழக்கமாக 700 அட்டைப்பெட்டிகள், பெட்டிக்கு 50 பவுண்டு, அதாவது 22.68 கிலோ. மொத்தம் ஏறத்தாழ 15.9 டன். இவ்வளவையும் விற்க உங்களிடம் ஆள் இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் ராட்டர்டாமிலோ ஹாம்பர்கிலோ கிடங்கில் இருக்கும் சரக்கில் ஒன்றிரண்டு பேலட் (பெட்டிகளை அடுக்கிக் கட்டிய மரத்தட்டு) வாங்கி விற்றுப் பாருங்கள். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 வரை வெள்ளை முழுப்பருப்பு. டபிள்யூ 240 இன்னும் பெரியது. உங்கள் வாடிக்கையாளருக்கு எது வேண்டும், உடைந்த பருப்பு எத்தனை சதவீதம் வரை பொறுத்துக்கொள்வார் என்பதெல்லாம் விற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

ஆனால் அந்தச் சங்கத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். உலகில் மிக அதிகமாக முந்திரிக்கொட்டை விளைவது ஐவரி கோஸ்ட்டில். அதில் பெரும்பகுதி உடைக்கப்படாமலே வியட்நாமுக்கும் இந்தியாவுக்கும் கப்பலேறி, அங்கே உடைபட்டு, பிறகு ஐரோப்பாவுக்கு வருகிறது. ஒரு பருப்பு இரண்டு பெருங்கடல்களைச் சுற்றி வருவதில் விளைவித்தவருக்குக் கூடுதலாக ஒரு காசும் கிடைப்பதில்லை. விளைந்த இடத்திலேயே உடைத்துத் தரும் சங்கம் என்றால் அங்குள்ள பெண்களுக்கு வேலை, உங்களுக்குக் குறுகிய கடல் பயணம். நேரில் போய்ப் பாருங்கள். கொட்டையைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆட வேண்டும். அப்படி ஆடினால் காய்ந்திருக்கிறது. சத்தமே இல்லையென்றால் ஈரம் இன்னும் போகவில்லை. கொட்டையைத் தார்ப்பாயில் காயவைக்கிறார்களா, வெறும் மண்ணிலா என்று பாருங்கள். உடைக்கும் பெண்களின் விரல்களையும் பாருங்கள். முந்திரி ஓட்டின் எண்ணெய் தோலை அரித்துப் புண்ணாக்கும். கையுறை இல்லாமல் கருத்துப்போன விரல்களைக் கண்டால் விலை பேசுவதற்கு முன் அதைப் பேசுங்கள்.

எங்கள் பிஸ்தா சரக்கு ஏற்றுமதியான நாட்டின் ஆய்வகத்தில் தேறியது. துறைமுகத்தில் எடுத்த மாதிரியில் அஃப்ளாடாக்சின் அளவு மீறியதாகச் சொல்லி நிறுத்திவிட்டார்கள். ஒரே சரக்குக்கு இரண்டு முடிவு எப்படி வரும்? யாரோ ஏமாற்றுகிறார்களா?
— வாசகர், லியோன், பிரான்ஸ்

இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன். இதைப் புரிந்துகொள்ளாமல் எத்தனையோ நல்ல உறவுகள் முறிந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

யாரும் ஏமாற்றியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. அஃப்ளாடாக்சின் என்பது ஆஸ்பர்ஜில்லஸ் வகைப் பூஞ்சைகள் உண்டாக்கும் நஞ்சு. 1960-ல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் செத்து விழுந்தபோது, தீவனத்தில் இருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்துதான் இதைக் கண்டுபிடித்தார்கள். கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. வறுத்தாலும் முழுமையாகப் போகாது. நேரடியாக உண்ணும் பிஸ்தாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் உச்ச வரம்பு, பி1 வகைக்குக் கிலோவுக்கு 8 மைக்ரோகிராம், எல்லா வகையும் சேர்த்து 10 மைக்ரோகிராம். முந்திரிக்கும் நேரடியாக உண்ணும் நிலக்கடலைக்கும் இன்னும் கடுமை: பி1 2, மொத்தம் 4.

பத்து மைக்ரோகிராம் என்றால் என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 டன் சரக்கு முழுவதிலும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட நஞ்சு 200 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. இந்த நஞ்சு சரக்கு முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஆயிரக்கணக்கான கொட்டைகள் சுத்தமாக இருக்கும், எங்கோ ஒன்றில் மட்டும் நஞ்சு குவிந்திருக்கும். இதனால்தான் அதிகாரிகள் ஒரு மூட்டையில் கைவிட்டு எடுப்பதில்லை. இவ்வளவு பெரிய சரக்கில் நூறு இடங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து 20 கிலோ சேர்க்கிறார்கள். அதை இரண்டு பத்துக் கிலோவாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முழுவதுமாக அரைத்துக் கலந்து சோதிக்கிறார்கள். நேரடியாக உண்ணும் சரக்கு என்றால் இரண்டுமே வரம்புக்குள் இருக்க வேண்டும். ஓர் அவுன்ஸுக்கு 21 முதல் 25 கொட்டைகள் இருக்கும் பிஸ்தாவில் 20 கிலோ என்பது சுமார் 16 ஆயிரம் கொட்டைகள். சரக்கிலோ ஒன்றரைக் கோடிக்கும் மேல். அந்தக் கெட்ட கொட்டை முதல் ஆய்வகத்தின் பையில் விழவில்லை, இரண்டாம் ஆய்வகத்தின் பையில் விழுந்துவிட்டது. இரண்டு முடிவுகளுமே நேர்மையானவையாக இருக்கலாம்.

அப்படியானால் எல்லாமே அதிர்ஷ்டமா? இல்லை. கெட்ட கொட்டைகள் குறையக் குறைய, அவற்றில் ஒன்று பையில் விழும் வாய்ப்பும் குறைகிறது. பிஸ்தாவில் நஞ்சு தோட்டத்திலேயே தொடங்கிவிடும். மரத்தில் இருக்கும்போதே மேல்தோல் வெடித்த காய்களில் பூச்சி நுழைகிறது, பின்னாலேயே பூஞ்சை நுழைகிறது. பறித்த பிறகு மேல்தோலை நீக்காமல் குவித்து வைத்தால் ஒரே நாளில் கறை ஏறிவிடும். விரைவாகத் தோல் நீக்கி, விரைவாக உலர்த்தி, கறைபட்ட கொட்டைகளையும் தண்ணீரில் மிதக்கும் கொட்டைகளையும் பொறுக்கித் தள்ள வேண்டும். இதற்கெல்லாம் விவசாயிக்குப் பணம் வேண்டும். அந்தப் பணத்தை விலையில் சேர்த்துக் கொடுக்காமல், துறைமுகத்தில் வந்து முடிவு சரியாக வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

1997 செப்டம்பரில் ஐரோப்பா இரான் பிஸ்தாவின் இறக்குமதியையே நிறுத்தி வைத்தது. சில மாதங்களில் கடும் நிபந்தனைகளோடு மீண்டும் திறந்துவிட்டது. அந்த அனுபவத்தில் பிறந்த கட்டுப்பாடுகள் பல வடிவங்களில் இன்றும் தொடர்கின்றன. எந்த நாட்டின் எந்தப் பருப்புக்குக் கூடுதல் சோதனை என்ற பட்டியலை ஐரோப்பிய ஆணையம் சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்துகிறது. ஒப்பந்தம் போடும் நாளில் ஒருமுறை, கப்பல் புறப்படும் நாளில் ஒருமுறை அதைப் பாருங்கள். பட்டியலில் இருக்கும் சரக்கு என்றால் வருவதற்கு முன்பே ஐரோப்பிய ஒன்றியத்தின் ட்ரேசஸ் கணினி முறையில் நுழைவு ஆவணம் பதிவு செய்ய வேண்டும்.

இப்போது உங்கள் சரக்குக்கு என்ன வழி? இரண்டாவது நிபுணர் கருத்து கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, செலவு உங்களுடையது. அது கைகொடுக்காவிட்டால் அதிகாரிகளிடம் பேசிச் சரக்கைத் தரம்பிரித்துச் சுத்தப்படுத்த அனுமதி கிடைக்குமா என்று கேளுங்கள். தரம்பிரிப்பதற்கென்றே வரும் பிஸ்தாவுக்கு வரம்பு சற்றுத் தளர்வு: பி1 12, மொத்தம் 15. அதுவும் முடியாவிட்டால் திருப்பி அனுப்பலாம் அல்லது அழிக்க வேண்டும். தேறிய சரக்கோடு கலந்து அளவைக் குறைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது சட்டப்படி குற்றம்.

கலிபோர்னியா பாதாம் எல்லாமே நீராவியில் கிருமி நீக்கியதுதானே? பச்சையாகவே மிட்டாயில் சேர்க்கலாமா?
— வாசகி, கோபன்ஹேகன்

எல்லாமே அல்ல. 2007 முதல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில் விற்கும் கலிபோர்னியா பாதாமுக்குக் கிருமி நீக்கம் கட்டாயம். ஐரோப்பாவுக்கு வரும் சரக்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நீங்கள் கேட்டு ஒப்பந்தத்தில் எழுதினால்தான் செய்து அனுப்புவார்கள். நீராவி முறை என்று தெளிவாக எழுதுங்கள். அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட புரோப்பிலீன் ஆக்சைடு வாயு முறை ஐரோப்பாவில் ஏற்கப்படாது. வறுக்காமல் சேர்ப்பதாக இருந்தால் சால்மொனெல்லா கிருமிச் சோதனைச் சான்று இல்லாமல் பெட்டியைத் திறக்காதீர்கள்.

கென்யாவில் மக்கடேமியா விவசாயிகளோடு வேலை செய்கிறேன். சந்தை விலை விழும்போதெல்லாம் வாங்குபவர்கள் திடீரென்று தரக்குறை கண்டுபிடிக்கிறார்கள். இதற்குத் தீர்வே இல்லையா அக்கா?
— வாசகி, ஸ்டுட்கார்ட்

உங்கள் கடிதத்தைப் படித்தபோது கோபம் வந்தது. இது புதிதல்ல. 2022, 2023-ல் மக்கடேமியா விலை உலகெங்கும் சரிந்தபோது இந்தப் புகாரைப் பல பக்கங்களிலிருந்து கேட்டேன். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், விலை விழுந்த வாரத்தில் ஒரு சரக்கின் அறிக்கையில் 'பூச்சி அரிப்பு' விகிதத்தைக் கொஞ்சம் தாராளமாக எழுதும்படி என்னிடம் சொன்னார்கள். எண்ணியது எவ்வளவோ அவ்வளவுதான் எழுதினேன். அந்தச் சரக்கை அனுப்பியவர் ஒரு பெரிய கம்பெனி அல்ல. நூற்றுக்கணக்கான குடும்பங்களிடம் காய் வாங்கியவர். ஒரு சதவீதத் தள்ளுபடி என்று மேசையில் பேசுவது அந்தக் குடும்பங்களின் பள்ளிக்கட்டணம்.

தீர்வு ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஹாம்பர்கின் வாரன் ஃபெரைன் சங்கத்தின் ஒப்பந்த விதிகளோ வேறு அங்கீகரிக்கப்பட்ட வணிகச் சங்கத்தின் விதிகளோ பொருந்தும் என்று எழுதுங்கள். அவற்றில் புகார் தெரிவிக்கக் காலக்கெடு உண்டு, நடுவர் தீர்ப்பு உண்டு. கப்பலேற்றும் முன் இரு தரப்புக்கும் பொதுவான ஆய்வாளர் மாதிரி எடுத்து முத்திரையிட்டு, ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று விற்பவருக்கு, ஒன்று பாதுகாப்பில் என்று வைக்க வேண்டும். தரக்குறை என்று சொல்பவர் அந்த முத்திரையிட்ட மாதிரிக்கு எதிரே நின்று சொல்லட்டும்.

உங்கள் பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். கென்யாவில் முற்றாத காயைப் பறித்து விற்பது பெரிய தொல்லை. அதைத் தடுக்கத்தான் அரசு அறுவடைப் பருவத்தை அறிவித்து மூடுகிறது, திறக்கிறது. முற்றாத பருப்பில் எண்ணெய் குறைவு, வறுத்தால் கருகும். அப்படிப்பட்ட பருப்பு கலந்திருந்தால் வாங்குபவரின் புகார் நியாயமானதே. அதேபோல 2017-ல் பிரேசில் நட் விளைச்சல் படுத்து விலை எகிறியபோது, பழைய விலைக்கு ஒப்பந்தம் போட்ட சில விற்பனையாளர்கள் சரக்கே அனுப்பவில்லை. விலை ஏறினாலும் இறங்கினாலும் வாக்கைக் காப்பாற்றுபவர்கள் இரு பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடித்துப் பல ஆண்டுகளுக்கு உறவு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் இயற்கை அங்காடிக்கு ஆர்கானிக் பிரேசில் நட் நேரடியாக வாங்க விரும்புகிறோம். கவனிக்க வேண்டியது என்ன?
— வாசகர், யூட்ரெக்ட்

பெயரைப் பார்த்துப் பிரேசிலில் மட்டும் தேடாதீர்கள். ஓடு நீக்கிய பிரேசில் நட் ஏற்றுமதியில் பொலிவியாதான் முன்னணியில் இருக்கிறது. அங்கே ரிபெரால்டா நகரம்தான் உடைக்கும் தொழிலின் மையம். பெருவிலும் மாத்ரே தே தியோஸ் பகுதியில் கிடைக்கிறது.

இது தோப்பில் வளர்க்கும் பயிர் அல்ல, காட்டு மரம். நாற்பது, ஐம்பது மீட்டர் உயரத்திலிருந்து, இரண்டு கிலோ வரை எடையுள்ள கெட்டியான காய்கள் மழைக்காலத்தில் தானாக விழுகின்றன. காற்றடிக்கும் நேரத்தில் மரத்தடிக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. விழுந்த காய் ஈரத்தரையில் கிடக்கக் கிடக்கப் பூஞ்சை பிடிக்கும். ஆகவே எத்தனை நாளுக்கு ஒருமுறை பொறுக்குகிறார்கள், காட்டில் உடைத்த பிறகு எங்கே காயவைக்கிறார்கள் என்பவையே உங்கள் முதல் இரண்டு கேள்விகளாக இருக்க வேண்டும். 2003-ல் ஐரோப்பா பிரேசிலிலிருந்து வரும் ஓட்டோடு கூடிய கொட்டைக்குக் கடும் நிபந்தனை போட்ட பிறகு அந்த வணிகம் ஏறக்குறைய நின்றே போனது. ஓடு நீக்கியதையே வாங்குங்கள்.

ஆர்கானிக் என்று விற்க, சரக்கு புறப்படும் முன்பே ட்ரேசஸில் ஆய்வுச் சான்று எடுத்திருக்க வேண்டும். பின்னால் எடுத்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டால் சாதாரணச் சரக்காகத்தான் விற்க முடியும். புதிய ஐரோப்பிய விதியின்படி ஒரு விவசாயிகள் குழுவில் 2,000 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பெரிய சங்கங்கள் இதற்காகப் பிரிந்து மறுபடி பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. சிறியவர்களுக்கு இது பெரும் செலவு. அந்தச் செலவில் ஒரு பங்கை ஏற்க முடியுமா என்று யோசியுங்கள்.

ஆவணங்கள் வங்கி வழியாக வந்தால் பணம் பத்திரம்தானே?
— வாசகர், மிலான்

பெரும்பாலும் பத்திரம், முழுக்க அல்ல. உங்கள் நாட்டையே உதாரணமாகச் சொல்லலாம். 2022-ல் வியட்நாமிலிருந்து இத்தாலிக்கு ஏறத்தாழ நூறு கன்டெய்னர் முந்திரி விற்பனையானபோது, முப்பதுக்கும் மேற்பட்ட கன்டெய்னர்களின் அசல் ஆவணங்கள் வழியில் கைமாறிப்போயின. அசல் கப்பல் ரசீது யார் கையில் இருக்கிறதோ அவர் சரக்கை எடுத்துக்கொள்ளலாம். அதனால் விற்றவர்கள் துறைமுகம், தூதரகம், நீதிமன்றம் என்று அலைந்துதான் சரக்கை மீட்டார்கள். நீங்கள் வாங்குபவரானாலும் விற்பவரானாலும் எதிர்த்தரப்பின் வங்கியை நேரடியாகத் தொடர்புகொண்டு விவரம் உறுதி செய்யுங்கள். கூரியர் எண்ணை இருவரும் கண்காணியுங்கள். முதல்முறை வணிகம் என்றால் கடனுறுதிக் கடிதம் (பணத்துக்கு வங்கியே தரும் உறுதி) இல்லாமல் இறங்காதீர்கள், கட்டணம் அதிகமானாலும் பரவாயில்லை.

கன்டெய்னர் கிடங்குக்கு வந்துவிட்டது. கதவைத் திறந்ததும் முதலில் என்ன பார்க்க வேண்டும்?
— வாசகர், ஆண்ட்வெர்ப்

கதவைத் திறக்கும் முன்பே பார்க்க வேண்டியவை இரண்டு. முத்திரை எண் ஆவணத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா? உள்ளே புகைமருந்து வாயு இருக்கிறதா? பருப்புகளுக்குப் பூச்சி பிடிக்காமலிருக்க பாஸ்பீன் புகைமூட்டம் போட்டு அனுப்புவது வழக்கம். கதவின் ரப்பர் விளிம்பு வழியே மெல்லிய குழாயை நுழைத்து வாயுவை அளந்த பிறகே திறக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறக்கும் கிடங்குத் தொழிலாளிதான் முதலில் மூச்சுத் திணறுவார்.

திறந்ததும் மேலே பாருங்கள். கூரைத் தகட்டில் நீர்த்துளியோ துருக் கறையோ இருந்தால் வழியில் கன்டெய்னர் வியர்த்திருக்கிறது. வெப்ப நாட்டில் ஏற்றிய சரக்கு குளிர்ந்த கடலுக்கு வரும்போது உள்ளே இருக்கும் ஈரம் கூரையில் படிந்து பெட்டிகள்மேல் சொட்டும். செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்ட பிறகு, 2023 இறுதியிலிருந்து ஆசியச் சரக்குகள் பல நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரத் தொடங்கின. பயணம் நீளும்போது ஈரம் உறிஞ்சும் பைகளைக் கூடுதலாகத் தொங்கவிடச் சொல்வது நல்லது.

பிறகு முன்வரிசையிலும் நடுவிலும் கடைசியிலும் இருந்து பெட்டிகளை எடுங்கள். வெற்றிடப் பை செங்கல் மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும். தளர்ந்திருந்தால் எங்கோ ஓட்டை. திறந்து முதலில் முகர்ந்து பாருங்கள். சிக்கடித்த வாடை பையைப் பிரித்த அந்த நிமிடத்தில்தான் தெளிவாகத் தெரியும், சற்று நேரத்தில் மூக்கு பழகிவிடும். பிறகு ஒரு பவுண்டு நிறுத்து எண்ணுங்கள், உடைந்தவை, கறை, பூச்சி என்று தனித்தனியாக ஒதுக்கி நிறுத்து எழுதுங்கள். பருப்பைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து உள்ளேயும் பாருங்கள், புழு வெளியே தெரியாது.

எல்லாவற்றையும் புகைப்படம் எடுத்து அன்றே அனுப்பியவருக்கு அனுப்புங்கள். குறை இருந்தால் புகாருக்கு உதவும். குறை இல்லாவிட்டாலும் அனுப்புங்கள். பெரும்பாலான சங்கங்களுக்கு ஐரோப்பாவிலிருந்து வரும் கடிதம் என்றாலே குறைதான். தங்கள் பருப்பு எப்படி வந்து சேர்ந்தது என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. எந்த வாரம் காயவைத்த பருப்பு நன்றாக வந்தது என்று தெரிந்தால், அடுத்த அறுவடையில் அவர்களால் அதையே திரும்பச் செய்ய முடியும்.